அனுப்பியாச்சு, ஆனால் போய்ச் சேர்ந்ததா? மெசேஜ் க்யூ கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது

பாவூர்சத்திரம் பக்கம் ஒரு காய்கறி கமிஷன் மண்டிக்கு நான் சாஃப்ட்வேர் பார்த்துக்கொடுக்கிறேன். காலையில் ஏலம், தராசில் எடை, சிட்டை, விவசாயி கணக்குக்குப் பணம், அவருக்கு ஒரு எஸ்எம்எஸ், அப்புறம் புளியரை வழியாகக் கேரளா போகிற லாரிக்கு லோடு கணக்கு, இவ்வளவுதான் வேலை. முன்பு எல்லாம் ஒரே புரோகிராமுக்குள் இருந்தது. கிளைகள் கூடக்கூட அது தாங்கவில்லை என்று எடை, சிட்டை, பணம், எஸ்எம்எஸ், லோடு என ஐந்து சர்வீஸாகப் பிரித்தோம். ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாது, நடுவில் க்யூ (மெசேஜ்கள் வரிசையில் காத்திருக்கும் பெட்டி) வைத்து மெசேஜ் மூலம்தான் பேசும். பிரித்த பிறகு என்ன ஆனதென்றால், ஐந்தும் தனித்தனியே பார்த்தால் தங்கம், கோளாறெல்லாம் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

அதனால் ஏதாவது கெட்டுப்போனால் உடனே ஒரு சர்வீஸைத் திறந்து உள்ளே துழாவாதீர்கள். கைமாறும் இடத்தை முதலில் பாருங்கள். "அனுப்பியாச்சு", "வாங்கியாச்சு", "முடிச்சாச்சு" மூன்றும் மூன்று வேறு சங்கதி. கீழே வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை, ஏதோ ஒரு இடத்தில் இதில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டதால் வந்தவை.

ஒரு முன்வேலை. எடை போடும்போதே ஒரு எண் கொடுத்து, அந்த எண் எல்லா மெசேஜிலும் எல்லா லாக் வரியிலும் கூடவே போக வேண்டும். எங்களுக்குச் சிட்டை எண்தான் அது. லாக்கில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் தராசு முதல் எஸ்எம்எஸ் வரை வரிசையாக வர வேண்டும், எங்கே அறுந்திருக்கிறதோ அங்கேதான் பிரச்சினை. இது இல்லையென்றால் மேற்கொண்டு படிக்காமல் முதலில் இதைச் செய்துவிட்டு வாருங்கள், மீதி எல்லாம் குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதைதான்.

அறிகுறி: ஒரே வேலை இரண்டு முறை நடக்கிறது

இதை எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் கீழப்பாவூர்க்காரர் ஒருவர். 14 பெட்டி தக்காளி, பெட்டி 330 ரூபாய், ஆக 4,620. மறுநாள் காலையில் மண்டிக்கு வந்து பாஸ்புக்கை நீட்டி, "தம்பி, ஒரே சிட்டைக்கு ரெண்டு தடவ ரூவா ஏறியிருக்கு, பாருங்க" என்றார். நான் பதில் சொல்வதற்குள் மண்டி அண்ணாச்சி என்னைப் பார்த்து, "இவரு நல்ல மனுசன், வந்து சொல்லிட்டாரு. சொல்லாத ஆளுங்க எத்தன பேரு தம்பி?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். இன்னும் ஒன்பது பேர்.

நடந்தது இதுதான். பணம் அனுப்பும் சர்வீஸ் மட்டும் எஸ்க்யூஎஸ்ஸில் (அமேசானின் க்யூ சேவை) ஓடுகிறது, மற்றதெல்லாம் ராபிட்எம்க்யூ (இன்னொரு க்யூ மென்பொருள்). (ஏன் இரண்டு என்று கேட்காதீர்கள், எனக்கு முன்னால் இருந்தவர் வைத்தது.) எஸ்க்யூஎஸ்ஸில் ஒரு மெசேஜை எடுத்தவுடன் அது அழிவதில்லை, மறைந்திருக்கும், அவ்வளவுதான். வேலையை முடித்து நாம் அழிக்கச் சொன்னால்தான் போகும். நாம் எதையும் மாற்றாவிட்டால் அந்த மறைவு நேரம் 30 விநாடி. அன்றைக்கு வங்கிப் பக்கம் பதில் வர 40 விநாடிக்கு மேல் ஆனது. 30 ஆனதும் மெசேஜ் மறுபடி தலைகாட்டியது, சும்மா இருந்த இன்னொரு வொர்க்கர் (க்யூவிலிருந்து மெசேஜ் எடுத்து வேலை செய்யும் புரோகிராம்) அதை எடுத்து ஒழுங்காகத் தன் வேலையைச் செய்தது. இரண்டு வொர்க்கருமே தப்பு செய்யவில்லை என்பதுதான் கொடுமை.

மறைவு நேரத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். கூட்டுங்கள், தேவைதான், ஆனால் அது மருந்தல்ல. நேரத்துக்குள் முடித்துவிட்டு, அழிக்கச் சொல்லும் முன் சர்வீஸ் செத்தாலும் இதே கதை. ராபிட்எம்க்யூவில் கனெக்ஷன் அறுந்தால், "முடிச்சாச்சு" என்று சொல்லாமல் கையில் வைத்திருந்த மெசேஜெல்லாம் க்யூவுக்குத் திரும்பிவிடும். அறுபடாவிட்டாலும் 30 நிமிடம் ஒரு பதிலும் சொல்லாமல் இருந்தால் புதிய பதிப்புகள் சேனலை (கனெக்ஷனுக்குள் ஓடும் தனி வழி) மூடித் திருப்பி எடுத்துக்கொள்ளும். காஃப்காவில் (மெசேஜ்களை வரிசையாகச் சேமித்து வைக்கும் மற்றொரு மென்பொருள்) 5 நிமிடத்துக்குள் அடுத்த தொகுதியைக் கேட்டு வராவிட்டால் உங்களைக் கூட்டத்திலிருந்தே விலக்கிவிட்டு உங்கள் பங்கை அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். எந்தப் பெட்டியானாலும் ஒன்றுதான்: மெசேஜ் குறைந்தது ஒரு முறை வரும், சில சமயம் இரண்டு முறை வரும். இரண்டாவது முறை வந்தால் ஒன்றும் ஆகாதபடி வாங்குகிற பக்கம்தான் இருக்க வேண்டும்.

நான் செய்தது. பணம் சர்வீஸின் டேட்டாபேஸில் கிளை, சிட்டை எண் இரண்டையும் சேர்த்து ஒரு யுனிக் இன்டெக்ஸ், அதாவது அதே ஜோடி இரண்டாம் முறை ஏறாதபடி தடுக்கும் பூட்டு. மெசேஜ் வந்ததும் முதலில் "தொடங்கியது" என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுத முடியவில்லை, ஏற்கெனவே இருக்கிறது என்றால் வேறொருவர் எடுத்துவிட்டார், பணம் அனுப்பும் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். "முதலில் தேடிப் பார்த்து, இல்லையென்றால் எழுது" என்று செய்யாதீர்கள், இரண்டு வொர்க்கர் ஒரே நேரத்தில் தேடினால் இரண்டுக்குமே "இல்லை" என்றுதான் வரும். டேட்டாபேஸையே மறுக்க விடுங்கள். அந்த அடையாள எண்ணை அனுப்புகிற பக்கத்தில், வேலை பிறக்கும் இடத்திலேயே, ஒரே ஒரு முறை உண்டாக்க வேண்டும். எங்கள் பழைய புரோகிராமில் ஒவ்வொரு ரீட்ரைக்கும் (மறுமுயற்சி) புதிதாக ஒரு ரேண்டம் எண் போட்டிருந்தார்கள், அது திருடனுக்கு ஒவ்வொரு தடவையும் புதுச் சாவி கொடுத்த மாதிரி.

சரி, "தொடங்கியது" என்று எழுதிவிட்டு அங்கேயே சர்வீஸ் செத்தால்? வங்கிக்குப் போனதா போகவில்லையா தெரியாது. அப்போது மறுபடி பணம் அனுப்பாதீர்கள், அதே அடையாள எண்ணைச் சொல்லி வங்கியிடம் நிலவரம் கேளுங்கள். 10 நிமிடத்துக்கு மேல் "தொடங்கியது" என்றே நிற்கிற வரிகளைப் பொறுக்கி எடுத்து இப்படிக் கேட்கிற ஒரு சின்ன வேலை தனியாக ஓடுகிறது. டைம்அவுட் என்றால் தோல்வி என்று அர்த்தமில்லை, தெரியாது என்று அர்த்தம்.

எஸ்க்யூஎஸ் ஃபிஃபோ க்யூவில் (வந்த வரிசையிலேயே கொடுக்கும் வகை) இரட்டிப்பைத் தடுக்கும் வசதி இருக்கிறதே என்றால், இருக்கிறது, ஆனால் அனுப்புகிறவர் இரண்டு முறை அனுப்புவதை 5 நிமிட இடைவெளிக்குள் மட்டும் பிடிக்கும். 6-வது நிமிடம் அனுப்பினால் அது புது மெசேஜ்.

அறிகுறி: மெசேஜ் காணாமல் போகிறது

முதலில் உண்மையிலேயே காணவில்லையா, தாமதமா என்று பாருங்கள். அனுப்பிய பக்கம் இன்றைக்கு எத்தனை சிட்டை, வாங்கிய பக்கம் எத்தனை, ஒரு நாள் கழித்து இரண்டு எண்ணும் ஒத்துப்போகிறதா. ஒத்துப்போகவில்லை என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

டேட்டாபேஸில் சிட்டை இருக்கிறது, மெசேஜ் மட்டும் போகவே இல்லை என்றால்: புரோகிராமில் முதலில் சிட்டையை எழுதி கமிட் செய்துவிட்டு, அடுத்த வரியில் க்யூவுக்கு அனுப்புவீர்கள். அந்த இரண்டு வரிக்கு நடுவில் கரண்ட் போனால் முடிந்தது. வரிசையை மாற்றிப் போட்டால் இன்னும் மோசம், இல்லாத சிட்டைக்குப் பணம் போகும். இதற்கு அவுட்பாக்ஸ்தான் வழி: சிட்டையை எழுதுகிற அதே டிரான்சாக்ஷனில், "இதை அனுப்ப வேண்டும்" என்று இன்னொரு டேபிளில் ஒரு வரி எழுதிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து நிற்கும், அல்லது சேர்ந்து போகும். அந்த டேபிளைப் பார்த்து அனுப்புகிற வேலையை வேறொரு சின்ன புரோகிராம் செய்யும். அதுவும் அனுப்பிவிட்டு, "அனுப்பியாச்சு" என்று டிக் அடிக்கும் முன் சாகலாம், அப்போது இரண்டு முறை போகும், அதனால்தான் மேலே சொன்ன இரட்டிப்பு வேலையை முதலில் செய்யச் சொன்னேன்.

அனுப்பியது, ராபிட்எம்க்யூ கிடைத்தது என்று பதிலும் சொன்னது, ஆனால் எந்த க்யூவிலும் இல்லை என்றால்: இதில் எனக்கு ஒரு முழு நாள் போனது. சங்கரன்கோவில் கிளை புதிதாகத் திறந்தார்கள். அனுப்புகிற பக்கம் ரவுட்டிங் கீயில் (எந்த க்யூவுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் முகவரி) "கோவில்" என்று நான் எழுதியிருந்தேன், க்யூவை இணைத்த பையன் "கோயில்" என்று எழுதியிருந்தான். இரண்டுமே சரியான தமிழ்தான், ராபிட்எம்க்யூவுக்குத்தான் அது தெரியாது. எந்த க்யூவுக்கும் பொருந்தாத மெசேஜை அது சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும், பப்ளிஷர் கன்ஃபர்ம் (கிடைத்தது என்று பதில் சொல்லும் வசதி) போட்டிருந்தாலும் "ஆச்சு" என்றே பதில் வரும், ஏனென்றால் அதைப் பொறுத்தவரை செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. அனுப்பும்போது மேன்டேட்டரி என்ற கொடியைப் போட்டால், போக இடமில்லாததைத் திருப்பி அனுப்பும், அதை நீங்கள் கவனித்து லாக்கில் எழுத வேண்டும். இல்லையென்றால் ஆல்டர்னேட் எக்ஸ்சேஞ்ச் (போக இடமில்லாததை வாங்கிக்கொள்ளும் மாற்று இடம்) ஒன்று வைத்து அநாதை மெசேஜெல்லாம் அங்கே போய் விழும்படி செய்யுங்கள். இப்போது கிளைப் பெயரை யாரும் கையால் அடிப்பதில்லை, எண்தான்.

காஃப்காவில் புது கன்ஸ்யூமர் குரூப் (மெசேஜ்களைப் பங்கிட்டு வாங்குகிறவர்களின் கூட்டம்) வைத்தவுடன் பழைய மெசேஜ் எதுவும் வரவில்லை என்றால் அது காணாமல் போகவில்லை. எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று சொல்லும் ஆட்டோ ஆஃப்செட் ரீசெட் வழக்கமாக "லேட்டஸ்ட்" என்று இருக்கும், நீங்கள் சேர்ந்த பிறகு வருவதைத்தான் கொடுக்கும். "எர்லியஸ்ட்" என்று மாற்றுங்கள். கடைசியாக, ஆட்டோ ஆக். மெசேஜைக் கையில் கொடுத்தவுடனே முடிந்துவிட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்ளும் ஏற்பாடு அது. எஸ்எம்எஸ்ஸுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், பணத்துக்கு வைக்காதீர்கள்.

அறிகுறி: க்யூ நீண்டுகொண்டே போகிறது

நம் ஊரில் இதைப் புரியவைக்க வேண்டியதே இல்லை. க்யூ என்பது குளம். வாய்க்காலில் வருகிற தண்ணீர் மடை வழியாகப் போகிற தண்ணீரைவிடக் கூடினால் மட்டம் ஏறும். விநாடிக்கு 50 மெசேஜ் வந்து 40 போனால் மணிக்கு 36,000 தேங்கும். ஏலம் நடக்கிற நேரத்தில் மட்டம் ஏறி, மத்தியானத்துக்குள் வடிந்துவிட்டால் அது கோளாறே இல்லை, குளம் வெட்டியதே அதற்குத்தான். நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றையது ஏறினால்தான் கவலை.

ராபிட்எம்க்யூவின் மேலாண்மைப் பக்கத்தைத் திறந்தால் மூன்று எண் தெரியும்: காத்திருப்பது, கையில் கொடுத்து இன்னும் பதில் வராதது, கன்ஸ்யூமர் எத்தனை. கன்ஸ்யூமர் பூஜ்யம் என்றால் சர்வீஸ் செத்துக் கிடக்கிறது, போய் எழுப்புங்கள். காத்திருப்பது குறைவு, பதில் வராதது ஆயிரக்கணக்கில் என்றால் ப்ரீஃபெட்ச் அளவு (ஒரு வொர்க்கருக்கு ஒரே நேரத்தில் எத்தனை மெசேஜ் கொடுக்கலாம் என்பது) வைக்கவில்லை. நீங்கள் வைக்காவிட்டால் அளவே கிடையாது, முதலில் வந்த வொர்க்கர் மொத்தத்தையும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பின்னால் வந்த மூன்று வொர்க்கரும் வேடிக்கை பார்க்கும். நான் 20-இல் தொடங்கி ஏற்றி இறக்கிப் பார்ப்பேன். இரண்டு எண்ணும் அதிகம் என்றால் வேலையே மெதுவாக நடக்கிறது.

மெதுவாக இருந்தால் எல்லோரும் செய்வது வொர்க்கரைக் கூட்டுவது. நானும் நான்கைப் பன்னிரண்டாக்கினேன். ஒவ்வொன்றும் டேட்டாபேஸுக்குப் பத்து கனெக்ஷன் பிடிக்கும், ஆக 120. எங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ், அது வழக்கமாக 100-க்கு மேல் விடாது. விளைவு, க்யூ வடியவில்லை, சிட்டை போடுகிற கவுன்ட்டரும் சேர்ந்து நின்றது. மடையை அகலமாக்கும் முன் கீழே வயல் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். காஃப்காவில் இன்னொரு வரம்பு: அது மெசேஜ்களைப் பார்ட்டிஷன் என்ற பிரிவுகளாகப் பிரித்து வைக்கும், ஒரு குரூப்பில் ஒரு பார்ட்டிஷனுக்கு ஒரு கன்ஸ்யூமர்தான், 6 பார்ட்டிஷனுக்கு 10 கன்ஸ்யூமர் வைத்தால் நான்கு பேர் சும்மா இருப்பார்கள்.

குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும் என்பது நம் பழக்கம். ராபிட்எம்க்யூவில் மெமரி வரம்பு தாண்டினால் அது மறுகால் விடாது, வாய்க்காலையே அடைத்துவிடும், அனுப்புகிற கனெக்ஷன்களை நிறுத்தி வைக்கும். அதனால் "கவுன்ட்டரில் சிட்டை தொங்குது" என்று ஒரு புகார் வந்தால், அதற்குக் காரணம் எஸ்எம்எஸ் க்யூ நிரம்பியதாக இருக்கலாம். க்யூவுக்கு அதிகபட்ச நீளம் வைத்தால் மறுகால் கிடைக்கும், ஆனால் சொல்லாமல் விட்டால் அது வழியவிடுவது பழைய மெசேஜைத்தான், புதிதாக வருவதை அல்ல. எஸ்எம்எஸ்ஸுக்கு அது சரி, பணத்துக்கு அது விபரீதம்.

அறிகுறி: ஒரே மெசேஜ் சுற்றிச்சுற்றி வருகிறது, சிபியு 100 சதவீதம்

எடை இருக்க வேண்டிய இடத்தில் "12.5 கிலோ" என்று எழுத்தோடு வந்திருக்கும், எண்ணாக மாற்ற முடியாமல் கன்ஸ்யூமர் தவறும், மெசேஜைத் திரும்ப க்யூவில் போடும், அது மறுபடி முன்னாலேயே வந்து நிற்கும். மருந்து: இத்தனை முறைக்கு மேல் தோற்றால் டெட் லெட்டர் க்யூவுக்கு, அதாவது தோற்றதை ஒதுக்கி வைக்கும் தனி க்யூவுக்கு. ராபிட்எம்க்யூ 4.0-இலிருந்து குவோரம் க்யூக்களுக்கு (பல சர்வரில் நகல் வைக்கும் வகை) 20 என்ற வரம்பு தானாகவே இருக்கிறது, டெட் லெட்டருக்கு இடம் காட்டாவிட்டால் அதற்குப் பிறகு மெசேஜ் தொலைந்துவிடும். தற்காலிகக் கோளாறையும் நிரந்தரக் கோளாறையும் பிரித்துக்கொள்ளுங்கள்: வங்கி பதில் சொல்லவில்லை என்றால் (மேலே சொன்னபடி நிலவரம் கேட்டுவிட்டு) மறுபடி முயலலாம், "கிலோ" என்ற எழுத்து பத்தாவது முறையும் எண்ணாகாது. டெட் லெட்டர் க்யூவில் ஒன்று விழுந்தாலே என் போனுக்கு மெசேஜ் வரும். யாரும் பார்க்காத டெட் லெட்டர் க்யூ குப்பைத்தொட்டிதான்.

அறிகுறி: பின்னால் நடந்தது முன்னால் வருகிறது

சிட்டை ரத்து முதலில் வருகிறது, சிட்டை பின்னால் வருகிறது, ரத்தான சிட்டைக்குப் பணம் போகிறது. காஃப்கா ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான் வரிசைக்குப் பொறுப்பு, எனவே சிட்டை எண்ணைக் கீயாக (எந்தப் பார்ட்டிஷனுக்குப் போகும் என்று தீர்மானிப்பது) வையுங்கள். கிளையைக் கீயாக வைத்தால் பாவூர்சத்திரத்துப் பார்ட்டிஷன் மட்டும் மூச்சுத்திணறும், மற்றவை காற்று வாங்கும். பிறகு பார்ட்டிஷன் எண்ணிக்கையைக் கூட்டினால் அதே கீ வேறு பார்ட்டிஷனுக்குப் போகத் தொடங்கும், அந்த இடைவெளியில் வரிசை கலையும்.

தோற்றதைத் தனி ரீட்ரை க்யூவில் போட்டாலும் வரிசை போச்சு. அதனால் மெசேஜிலேயே பதிப்பு எண் வையுங்கள், சிட்டை 1, திருத்தம் 2, ரத்து 3. கையில் 3 இருக்கும்போது 1 வந்தால் ஒதுக்கிவிடலாம். நேரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். எங்கள் ஒரு தராசுக் கம்ப்யூட்டர் யுடிசி (உலகப் பொது) நேரத்தையே இந்திய நேரம் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தது, ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 6 மணித் தக்காளிக்கு நள்ளிரவு 12.30 ஏலம்.

அறிகுறி: ஒன்று படுத்தால் எல்லாம் படுக்கிறது

எங்கேயோ க்யூவைத் தாண்டி நேரடி அழைப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. தேடுங்கள், இருக்கும். எங்களிடம் சிட்டை சர்வீஸ், எஸ்எம்எஸ் போனதா என்று கேட்டுக் காத்திருந்தது, எதற்கென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நேரடி அழைப்பு தவிர்க்க முடியாத இடத்தில் டைம்அவுட் வையுங்கள், ரீட்ரையை ஒரே ஒரு அடுக்கில் மட்டும் வையுங்கள். மூன்று அடுக்கும் மும்மூன்று முறை முயன்றால் கடைசி அடுக்குக்கு 27 அடி, ஏற்கெனவே தள்ளாடுகிறவனுக்கு.

அறிகுறி: லைன் திரும்பியதும் மறுபடி விழுகிறது

2023 டிசம்பர் 17, 18 மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது ஏரல் பக்கம் வாழைத்தார் வாங்குகிற கிளை வெளியுலகத் தொடர்பே இல்லாமல் கிடந்தது. லைன் வந்ததும் அங்கே தேங்கியிருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது, தலைமை சர்வீஸ் விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. காரணம், எல்லா மெஷினும் சரியாக 5 விநாடிக்கு ஒருமுறை முயன்றன, ஒன்றுபோல. இடைவெளியை ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக்கி, அதோடு கொஞ்சம் ரேண்டம் சேர்த்தால் கூட்டம் கலையும். எஸ்எம்எஸ்ஸுக்கு ஆயுள் வைப்பதும் அப்போது கற்றதுதான்: வெள்ளத்தில் வீடு போன மனிதருக்குப் பழைய வாழை விலையை அனுப்பியிருக்கிறோம்.

மறுபுறம், வாங்குகிற பக்கம் பல நாள் படுத்தால் மெசேஜ் காத்திருக்காது. எஸ்க்யூஎஸ் வழக்கமாக 4 நாள், கேட்டால் 14 நாள் வரை. காஃப்கா வழக்கமாக 7 நாள். உங்கள் ஊரில் லைன் அதிகபட்சம் எத்தனை நாள் போகும் என்று யோசித்து வையுங்கள்.

அறிகுறி: ஒரு சர்வீஸை மாற்றினால் சம்பந்தமில்லாத இன்னொன்று உடைகிறது

தொகையை ரூபாயிலிருந்து பைசாவுக்கு மாற்றினோம், பெயரை மாற்றாமல். லோடு கணக்கில் 4,620 ரூபாய்த் தக்காளி 4,62,000 ஆனது. ஃபீல்டின் பொருளை ஒருபோதும் மாற்றாதீர்கள். புதுப் பெயரில் புது ஃபீல்டு சேருங்கள், இரண்டையும் சில நாள் சேர்த்து அனுப்புங்கள், வாங்குகிற எல்லோரும் மாறிய பிறகு பழையதை எடுங்கள். புரோட்டோபஃப் (ஃபீல்டுகளை எண் வைத்து அடையாளம் காணும் மெசேஜ் வடிவம்) என்றால் எடுத்த ஃபீல்டின் எண்ணை ரிசர்வ் என்று எழுதிப் பூட்டிவிடுங்கள், வேறு யாரும் அந்த எண்ணை எடுக்கக் கூடாது.

"எல்லா சர்வீஸையும் ஒரே ராத்திரியில் மாற்றிவிட்டேன், இனி பழைய வடிவம் எங்கேயும் இல்லை" என்று சொல்கிறவர்கள் க்யூவுக்குள் கிடப்பதை மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தேன். சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டெட் லெட்டர் க்யூவைக் கூட்டிப் பெருக்கலாம் என்று அதில் கிடந்த 31 மெசேஜைத் திரும்ப ஓட விட்டேன். அவை எல்லாம் ரூபாய்க் காலத்து மெசேஜ். புது புரோகிராம் அவற்றைப் பைசா என்று படித்து, 31 பேருக்கும் நூறில் ஒரு பங்கு பணம் அனுப்பியது. ஒருவருக்கு 46 ரூபாய் 20 பைசா. திங்கட்கிழமை காலையில் அண்ணாச்சி போன் செய்து, "தம்பி, இந்தத் தடவ ஒருத்தர் விடாம எல்லாரும் வந்துட்டாங்க" என்றார்.